முன்னோர் பெயரும் மோர்மன் சபையும்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிரம்பானிலும் நீலாயிலும் கோலாலம்பூரிலும் குடியிருக்கிறார்கள். "நம்ம தாத்தாவோட அப்பா எந்த ஊர்லேருந்து வந்தாரு?" என்ற கேள்வி இப்போது அவர்களிடம் அடிக்கடி எழுகிறது. வீட்டில் பதில் கிடைக்காதவர்கள் இணையத்தில் தேடினால் முதலில் எதிர்ப்படுவது ஃபேமிலிசர்ச் என்னும் இணையதளம். கோடிக்கணக்கான ஆவணப் படங்களைக் காசு வாங்காமல் காட்டுகிறது அது. நடத்துவது, மோர்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு சபை ஊராருடைய முன்னோர்களைத் தேட ஏன் இவ்வளவு செலவழிக்கிறது? இதற்கு விடை தெரிந்துகொண்ட பிறகே நம் பெரியவர்களின் பெயரை அங்கே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விடை அந்தச் சபையின் விசுவாசத்தில் இருக்கிறது. சுவிசேஷம் காதில் விழாமலே இறந்துபோனவர்களுக்காக, உயிரோடிருக்கும் ஒருவர் ஞானஸ்நானம் பெறலாம் என்று சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1840இல் போதித்தார். 1 கொரிந்தியர் 15:29ஐ அவர்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். குடும்ப உறவு சாவோடு முடிவதில்லை, ஆலயச் சடங்கின் மூலம் தலைமுறைகளை என்றென்றைக்கும் இணைக்கலாம் என்பதும் அவர்கள் நம்பிக்கை. 1894இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், ஒவ்வொருவரும் தத்தம் சொந்த வம்சத்தை முடிந்தவரை பின்னோக்கித் தேட வேண்டும் என்று அறிவித்தார். யூட்டா வம்சாவளிச் சங்கம் அதே ஆண்டில் பிறந்தது. சடங்குக்குப் பெயர் வேண்டும். ஆளை அடையாளம் காணத் தேதியும் ஊரும் வேண்டும். ஆக, வம்சாவளி ஆய்வு அவர்களுக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அன்று. வழிபாட்டின் ஒரு பகுதி.

இந்த நோக்கம்தான் அந்தப் பணியின் பெரிய பலம். 1938இல் ஆவணங்களை நுண்படச் சுருள்களில் பிடிக்கத் தொடங்கினார்கள். சால்ட் லேக் சிட்டி அருகே கருங்கல் மலையைக் குடைந்து, 1965இல் காப்பகம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். சேர்ந்த சுருள்கள் ஏறத்தாழ 24 லட்சம். அவற்றை மின்னணு வடிவுக்கு மாற்றும் வேலை 2021இல் நிறைவேறியது. லாபம் பார்க்கும் நிறுவனம் வாடிக்கையாளர் இருக்கும் நாட்டுப் பதிவேடுகளைத்தான் தேடிப் போகும். ஒவ்வொரு ஆத்துமாவும் விலைமதிப்புள்ளது என்று நம்புகிறவர்களுக்கு ஏழையின் பதிவேடும் பிரபுவின் பதிவேடும் ஒன்றுதான். இதனால் நமக்கும் பலன் வந்திருக்கிறது. மதராஸ் பேராயத்துச் சீர்திருத்தச் சபைகளின் 1743 முதலான பதிவேடுகளும், கொழும்பின் டச்சுக் காலப் பதிவுகளும் அவர்கள் சேகரத்தில் உள்ளன. கிறிஸ்தவரல்லாதவர்களின் ஏடுகளையும் அவர்கள் ஒதுக்கவில்லை. ஹரித்வார் போன்ற தலங்களில் பண்டாக்கள் எனப்படும் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த யாத்திரிகர் ஏடுகளைப் படமெடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அரசுகள் எளிதில் செய்ய முன்வராத வேலை இது. இதற்கு நன்றி சொல்லத் தயங்கக் கூடாது.

ஆனால் தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை இந்த ஆவண வலை பல இடங்களில் கிழிந்திருக்கிறது. நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆள்வாரியாகப் பதிவு உண்டு. தகப்பன் பெயர், ஊர், சாதி, வயது எல்லாம் அதில் இருக்கும். மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு 1938 வரை பெரும்பாலும் கங்காணி வழியாகவே ஆட்கள் வந்தார்கள். கங்காணிக்குத் தன் ஆட்களின் ஊரும் உறவும் மனப்பாடம். ஏட்டில் ஏறியது குறைவு. தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கிராணி (எழுத்தர்) எழுதியது பெயரையும் பேர் போட்ட, அதாவது வேலைக்கு வந்த, நாளையும்தான். 1942, 43இல் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு அங்கேயே மாண்டவர்களில் பலருக்கு இறப்புத் தேதிகூடக் கிடையாது.

கத்தோலிக்கக் குடும்பங்களின் நிலை சற்றே மேல். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரியைப் பாருங்கள்: பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பன், தாய், ஞானத்தந்தை, ஞானத்தாய், கடைசியில் குருவானவரின் கையொப்பம். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினராகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார்கள் என்பதால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாலு குடும்பங்களை இணைத்துவிடலாம். மாரியம்மனையும் முனீஸ்வரரையும் கும்பிட்ட பெரும்பான்மைக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு வரி இல்லை. பதிவேடுகளைச் சார்ந்து வளர்ந்த ஆய்வு, பதிவேடு வைத்திருந்தவர்களையே மீண்டும் மீண்டும் பார்க்கிறது.

ஃபேமிலிசர்ச்சின் படிவமும் நமக்குப் பொருந்துவதில்லை. குடும்பப் பெயர் வழிவழியாகத் தொடரும் என்ற எண்ணத்தில் எழுந்த முறை அது. நமக்கோ தகப்பன் பெயரே பின்னொட்டு. மகனுக்கு ஒன்று, பேரனுக்கு வேறொன்று என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறும். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அதை நிரப்பினால், ஒரே வம்சம் தேடலில் மூன்று தனிக் குடும்பங்களாகச் சிதறிவிடும். இதே மாநிலத்து மலாய்க்காரர்கள் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி பன்னிரண்டு சுக்குகளாக (குலங்களாக) தாய்வழியில் வம்சம் எண்ணுகிறார்கள். தந்தைப் பெயரை வைத்துத் தேடினால் அவர்களுடைய சுக்கும் பிடிபடாது.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். இறந்தவரின் சம்மதம் பற்றிய கேள்வி இவற்றைவிட ஆழமானது. ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களுக்கு இறந்தோருக்கான ஞானஸ்நானச் சடங்கு நடந்தது தெரியவந்தபோது பெரும் வேதனை எழுந்தது. இதை நிறுத்துவதாக 1995இல் யூத அமைப்புகளுடன் சபை உடன்பாடு செய்துகொண்டது. ஆயினும் சில பெயர்கள் அதன் பிறகும் நுழைந்தன. 2012இல் காந்தியடிகளின் பெயருக்கும் சடங்கு நடந்திருந்ததாகச் செய்தி வந்தது. பங்குப் பதிவேடுகளை யூட்டா சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று வத்திக்கான் 2008இல் ஆயர்களுக்கு அறிவுறுத்தியது.

சபையின் சமாதானத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மறுமையில் இருக்கும் ஆத்துமா இந்தச் சடங்கை ஏற்கலாம், மறுக்கலாம். இறந்தவர் சபை உறுப்பினராகக் கணக்கிடப்படுவதில்லை. தம் சொந்த முன்னோரின் பெயர்களையே உறுப்பினர்கள் கொடுக்க வேண்டும். பிறந்து 110 ஆண்டு ஆகாதவர் என்றால் நெருங்கிய உறவினரின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இதில் எனக்குத் தெரியவில்லை. நம் வழக்கத்திலும் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. தர்ப்பணத்தில் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைக்கு எள்ளும் நீரும் இறைத்தபின், நாதியற்றுப் போனவர்களுக்கும் ஒரு கை நீர் விடுகிறோம். யாரென்று தெரியாதவர் மீதும் இரக்கம் கொள்வது இரு மரபுக்கும் பொது. ஆனால் அந்த ஒரு கை நீர் யாருடைய பெயரையும் எடுத்துக்கொள்வதில்லை. அவர் கும்பிட்ட சாமியை மாற்றுவதில்லை. தோட்டத்தில் காலமெல்லாம் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்திய ஒரு கிழவிக்குச் சொந்தமென்று சொல்ல அதிகம் இருந்ததில்லை. பெயரும் நம்பிக்கையும் இருந்தன. அவளைக் கேட்காமல் அந்த இரண்டின் மீதும் வேறொரு சடங்கைச் செய்வது, அது எவ்வளவு அன்பாகச் செய்யப்பட்டாலும், அவளுக்கு உரியதில் கைவைப்பதாகும். 110 ஆண்டு விதியும் நமக்குப் போதிய காப்பு ஆகாது. 1900ஐ ஒட்டிப் பிறந்து கப்பலேறிய தலைமுறை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

அதே தலைமுறைதான் நம் தர்ப்பணத்தின் மூன்று படிகளையும் விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. இது நம் பக்கத்துக் குறை. இதை மோர்மன்கள் மீது சுமத்த முடியாது. இறந்தோர் மீது நமக்கும் பக்தி உண்டு. அந்தப் பக்தியை ஏட்டில் ஏற்றும் ஒழுங்குதான் இல்லை. செனவாங்கிலும் நீலாயிலும் தோட்ட நிலங்கள் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. தோட்டம் மூடப்படும்போது செக்ரோலும், கோவில் வரிக் கணக்கும், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் கேட்பாரற்றுப் போகும் ஆபத்து இருக்கிறது.

எனவே என் முடிவு இது. மோர்மன் சபை திறந்துவைத்த ஆவணங்களைத் தயங்காமல் பயன்படுத்துவோம். அவர்களின் பொறுமையையும், ஏழை பணக்காரர் பாராத கவனத்தையும் கற்றுக்கொள்வோம். நம் முன்னோரின் பெயரை அங்கே பதிவதாக இருந்தால், அது பொதுக் குடும்ப மரத்தில் சேர்கிறது, அந்த வம்சத்தில் வந்த சபை உறுப்பினர் ஒருவர் அதைச் சடங்குக்கு எடுத்துக்கொள்ள இடம் உண்டு என்பதை அறிந்து, குடும்பத்தாரைக் கலந்து பதிவோம். கோவில் நிர்வாகமும் பங்குப் பேரவையும் பள்ளி வாரியமும் கையிலுள்ள ஏடுகளை இப்போதே படமெடுத்து, தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி சேர்க்கட்டும். சாதி போன்ற விவரங்களை வெளியிடுவதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பமே தீர்மானிக்கட்டும். இறந்தவரை மறக்கக் கூடாது என்று அந்தச் சபை சொல்வது முழுக்க உண்மை. இறந்தவர் எந்த நம்பிக்கையோடு போய்ச் சேர்ந்தாரோ அதே நம்பிக்கையோடு அவரை நினைப்பதுதான் அந்த உண்மைக்குச் செய்யும் மரியாதை.