போறணைச் சூட்டில் ரோஸ் பாண்

யாழ்ப்பாணத்துப் பாணின் அருமை தெரிய வேண்டுமானால், விறகுப் போறணை வைத்திருக்கும் வெதுப்பகத்துக்குப் பின்னேரம் போக வேண்டும். உள்ளே விறகை எரித்து, செங்கல் நன்றாகச் சூடேறியதும் தணலை ஒதுக்கிவிடுவார்கள். அதன்பின் பாணை வேகவைப்பது கல் வாங்கிவைத்த சூடுதான். நீண்ட தடிப் பலகையால் தட்டுகளைத் தள்ளி இழுப்பவருக்கு நிறமும் மணமுமே கணக்கு.

இறாத்தல் பாண் என்றால் 450 கிராம். வீட்டுத் தேவைக்கு அது போதும். என் மனம் ரோஸ் பாணிடம்தான். தட்டையான உருவம், மொறுமொறுத்த மேல்தோல், உள்ளே பஞ்சு. அதில் கத்தி படவே கூடாது! சுடச்சுடக் கையால் பிய்த்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்த சம்பலோடு சாப்பிட வேண்டும். ஓரத்தில் லேசாகக் கருகிய துண்டுக்கு வீட்டில் எப்போதும் போட்டிதான். மின்சாரப் போறணைப் பாணில் எனக்கு அந்த ருசி கிடைத்ததேயில்லை.