மூன்றாம் தரப்பு

ஒரகடம் சாலையில் டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரம். உடன் வந்த தோழர் அங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. காரின் முன்திரையைத் தடவிக்கொண்டிருந்தவர் 'திறமூல உரிமங்கள்' பக்கத்தில் போய் நின்றார். ஆங்கிலத்தில் முடிவில்லாமல் ஓடும் பெயர்கள். "யாரு தோழர் இவங்கல்லாம்?"

அப்பக்கத்தை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று தோன்றியது. மென்பொருள் வெளியிடுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. யாரோ எழுதித் திறந்து வைத்த மூலநிரலைத் தம்முடையதோடு சேர்த்து மூட்டை கட்டுகிறார்கள். கார் கம்பெனி மட்டுமல்ல, திறமூல இயக்கத்தாரும் செய்வதுதான். எம்.ஐ.டி. போன்ற உரிமங்கள் கேட்பது கொஞ்சம்: எழுதியவர் பெயரும் உரிம வாசகமும் கூடவே போகவேண்டும். ஜி.பி.எல். கூடுதலாகக் கேட்கும்: மூலநிரலையும் கொடு.

இப்படி மூட்டைகளில் ஏறியவற்றுள் ஒன்று 'கர்ல்'. எழுதியவர் ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க். முதல் வெளியீடு 1998. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதும் அதே வருஷம். காரில் ஏதோ கோளாறென்றால், உரிமப் பக்கத்தில் இவர் முகவரியைப் பார்த்து இவருக்கே புகார் எழுதியவர்கள் உண்டு. சிரிக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி, போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. பெயர் இருக்கிற இடத்தில் பொறுப்பும் இருக்குமென்று நம்பியிருக்கிறார்கள்.

பொறுப்பு எங்கே போயிற்று என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. 'லாக்ஃபோர்ஜே' நூலகத்தில் பெரிய ஓட்டை. மூட்டைக்குள் மூட்டையாக அது எங்கெங்கே கிடக்கிறதென்று விற்ற கம்பெனிகள் பலவற்றுக்கே தெரியவில்லை. ராப்பகலாகத் திருத்த உட்கார்ந்தவர்கள் சில தன்னார்வலர்கள். மூலத்தில் திருத்தினால் மட்டும் போதாது. மூட்டையிலுள்ள நகல் பழையதாகவே கிடக்கும். டெபியன்காரர்கள் இத்தகைய நகல்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

மூட்டை கட்டுவதே பாவம் என்பதல்ல என் வாதம். நெட் இல்லாத இடத்தில், சோதித்துப் பார்த்த அதே பதிப்போடு ஓடவேண்டுமென்றால் அதுவே சுலபமான வழி. ஆனால் உள்ளே எடுத்தவர் காவலையும் எடுத்துக்கொள்ள வேண்டும்: எங்கிருந்து எடுத்தது, எந்தப் பதிப்பு, எதை மாற்றினோம், ஓட்டை விழுந்தால் யார் அடைப்பது. உரிமத்தில் வரும் 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்ற வாசகம் இலவசமாகக் கொடுத்தவரின் பாதுகாப்பு. காசுக்கு விற்பவர் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதுதான் மோசடி.

'மூன்றாம் தரப்பு' என்ற சொல் இந்தச் சாலைக்குப் புதிதல்ல. ஆள் உள்ளே வேலை செய்வார், கணக்கில் வெளியே இருப்பார். அங்கேகூட, காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தரவேண்டும் என்றது 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். நடைமுறை வேறு, கொள்கையாவது ஏட்டில் ஏறியது. மென்பொருள் மூட்டைக்கு அந்தக் கொள்கையைத்தான் கேட்கிறேன்.

பெயர் விஷயமும் இங்கே தலைகீழ். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கப் பதிவு முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வருவதை நிர்வாகம் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. நிரல் எழுதியவர் பெயரைக் கம்பெனி சுமக்கலாம், அதனால் செலவில்லை. கம்பெனி பெயரைத் தொழிலாளி சுமந்தால் அது உறவைச் சொல்கிறது, கடமையைக் கேட்கிறது. ஆக, பெயரிடுதல் தன்னளவில் அங்கீகாரமாகிவிடாது.

இவ்வளவையும் தோழரிடம் சொன்னேன். திரையை அணைத்தார். "பேரு போட்டாச்சு, சரி. ரிப்பேர் ஆனா யாரு வந்து நிப்பாங்க? அதயும் அந்தப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க."