ஆறும் அதன் நினைவும்

சிங்கப்பூர் ஆறு அந்நகரின் வாணிபத்தை வளர்த்த தாய். கப்பல்களினின்று தொங்கான்கள் ஏற்றி வந்த சரக்கெல்லாம் போட் கீயின் கிட்டங்கிகளை நிறைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தொங்கான்களைச் செலுத்தியவருள் தென்னிந்தியச் சூலியா முஸ்லிம்கள் முன்னணியில் நின்றனர்.

1977இல் பிரதமர் லீ குவான் இயூ ஆற்றைத் தூய்மையாக்கப் பத்தாண்டுக் கெடு விதித்தார். 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்குப் பெயர்ந்தன. 1987இல் பணி நிறைவுற்றது. நாற்றம் நீங்கியது, மீனினம் மீண்டது. 1989இல் போட் கீயின் பழைய கடைவீடுகள் இடிபடாமல் காக்கப்பெற்றன. இவை போற்றற்குரியன என்பதில் ஐயமில்லை.

ஆயினும், காக்கப்பெற்றது சுவரே; தொழிலன்று. மூட்டை சுமந்தோர் நடந்த கரையில் இன்று உணவகங்கள் மேசை விரித்துள்ளன. நடைபாதை எல்லார்க்கும் உரியது. மேசையோ காசுள்ளவர்க்கே உரியது! உழைத்தோர் கரையோரச் சிலைகளாயினர். சிலை உருவத்தைக் காட்டும், வியர்வையைக் காட்டுமோ?

அருகே சூலியா தெரு இன்றும் உண்டு. அப்பெயரின் பொருளை அறிந்த மாணவர் எத்தனை பேர்? சுவரைக் காப்பது சட்டத்தின் கடன்; அச்சுவரின் கதையைக் காப்பது ஆசிரியரின் கடன். அக்கடன் தவறின், தூய்மையுற்ற ஆறு நினைவற்ற நீராகவே ஓடும்.