எதிர்காற்றில் ஒரு மான்வேட்டை

ஒரு ஃபர்லாங் தூரம் நடக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, அதற்காகப் பெருமையும் பட்டுக்கொள்கிற விளையாட்டு வேறு ஏதாவது உண்டா? தெற்கு இங்கிலாந்தின் டார்செட் காடுகளில் ரோ மானை நடந்தே நெருங்கும் வேட்டைக்கு நான் அடிமை. சொல்லிக்கொள்ள வெட்கமே இல்லை!

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மான்வேட்டைக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. அது நியாயம்தான். இங்கே கதை வேறு. ஓநாயும் லின்க்ஸும் எப்போதோ அழிந்துபோன தீவு இது. மான் பெருகினால் காட்டில் ஒரு மரக்கன்றும் தலையெடுக்காது. வேடிக்கை என்னவென்றால், இந்த ரோ மானே தென் இங்கிலாந்தில் ஒருகாலத்தில் அற்றுப்போன இனம். 1800 வாக்கில் டார்செட்டின் மில்டன் ஆப்பஸ் பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் புண்ணியவான்களுக்குக் கோயில் கட்டலாம்.

பரண் கட்டி உட்கார்ந்தும் சுடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பாதுகாப்பானது, பலனும் அதிகம். ஆனால் அது காத்திருப்பு. வேட்டை என்றால் எனக்கு மண்ணில் கால் பாவ வேண்டும்.

சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சுடச் சட்டம் இடம் தருகிறது. மே மாதத்து அந்த அரையிருட்டில், காட்டுப்பூண்டு வாசம் மூக்கில் ஏற, முதல் வேலை காற்றைப் பார்ப்பது. சின்னக் குப்பியை அமுக்கினால் டால்கம் பவுடர் புகைபோல் மிதந்துபோகும். அது நம் முகத்தை நோக்கி வந்தால் நடக்கலாம். முதுகிலிருந்து முன்னே போனால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நிறம் பெரிதாகப் பொருட்டில்லை, ஆரஞ்சும் சிவப்பும் மானுக்குச் சரியாகப் புலப்படாது. மனித வாடை ஒரு துளி போதும், நாய் குரைப்பதுபோல் குரைத்துவிட்டு ஓடிவிடும்.

மூன்று அடி வைப்பது, நிற்பது, பைனாகுலரில் துழாவுவது. முழு மானைத் தேடினால் கிடைக்காது. செங்குத்தான மரங்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிகிறதா? ஒரு காது அசைகிறதா? ஆண் மானான கிடா தன் எல்லையைக் காட்டக் கொம்பால் உரித்த இளமரம் இன்னும் ஈரமாக இருக்கிறதா? சருகில் குதிகால் படாமல் பாதத்தை உருட்டி வைக்கும்போது, வயிற்றுப் பிழைப்பு, வங்கிக் கடன் எல்லாம் மறந்துபோகும்.

அப்படியொரு காலையில், என்னை அழைத்துப்போன பெரியவர் சத்தமில்லாமல் என் தோளைத் தொட்டார். எண்பது தப்படியில், முட்புதரை மேய்ந்தபடி ஒரு கிடா! அதே நொடியில் ஒரு காட்டுப்புறா படபடவென்று எழும்பித் தொலைத்தது. கிடா நிமிர்ந்து என்னையே பார்த்தது. நான் ஒற்றைக் காலில் பாரம் போட்டபடி உறைந்து நின்றேன். பிறகு அது மேயப் போவதுபோல் தலையைத் தாழ்த்தி, சட்டென்று மறுபடி தூக்கியது. ரோ மானின் பழைய தந்திரம் இது. நாம் அசைகிறோமா என்று சோதிக்கிறது! மறுபடி தாழ்த்தியது, மறுபடி தூக்கியது. தொடை நடுங்குகிறது, நெஞ்சடிப்பு அதற்கே கேட்டுவிடுமோ என்று பயம். அந்தச் சில நிமிடங்களுக்காக என் சொத்தில் பாதியை எழுதிக்கொடுப்பேன்.

சுட்டதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்து, பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு இருப்பதைப் பார்த்து, முக்காலியில் துப்பாக்கியை ஊன்றி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே சாய்ந்தது. அங்கேயே குடலை எடுத்து, நோய் இருக்கிறதா என்று சுரப்பிகளைப் பார்த்து, தோளில் சுமந்து வந்தோம். இருபது கிலோவுக்குள்தான் இருக்கும்.

குளிரறையில் சில நாள் தொங்கவிட்ட தொடைக்கறியை மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டினால், அடடா! கொழுப்பே இல்லாத கறி. கூடுதலாக இரண்டு நிமிடம் அடுப்பில் விட்டால் செருப்புத் தோலாகிவிடும். வெள்ளைக்கார நண்பர்கள் சிவப்பு ஒயினில் ஊறவைப்பதே உசத்தி என்கிறார்கள். என் வீட்டில் சாப்பிட்ட பிறகு யாரும் அப்படிச் சொல்வதில்லை.


ஆசை வந்துவிட்டதா? முதலில் துப்பாக்கி வாங்க ஓடாதீர்கள். காவல்துறைச் சான்றிதழ், நில உரிமையாளர் அனுமதி எல்லாம் மெதுவாக வரட்டும். அனுபவசாலி ஒருவருக்குப் பின்னால் வெறும் பைனாகுலரோடு ஒரு விடியலில் நடந்து பாருங்கள்; கிடாவுக்கு மே மாதம், இணைசேரும் பருவத்துக்கு ஜூலைக் கடைசி.