ஆக்கியோன் பெயரும் ஆக்கத்தின் பயனும்

சிறப்புப் பாயிரத்தின் உறுப்புகளுள் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தது நன்னூல். நூலுக்கு வகுத்த அம்முறை இசைப்பாட்டுக்கும் பொருந்தும். ஆயின், பாட்டு விற்பனைப் பொருளான பின் பெயரோடு வருவாயும் கேள்விக்குரியதாயிற்று.

2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ இதற்குத் தக்க சான்று. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய இதனை, ஏ. ஆர். ரகுமான் ஆதரவுடன் தொடங்கிய ‘மாஜா’ நிறுவனம் வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. அவர் நினைவே பாட்டின் ஊற்று. மண்ணைப் பண்படுத்தியவர்க்கு மண் உரிமையாகவில்லை என்பது கரு. ஒப்பாரி மரபும் சொல்லிசையும் இதில் ஒட்டுப்போட்டதுபோல் நில்லாமல் ஒன்றியுள்ளன. குறையும் உண்டு. துள்ளல் தாளம் மேலோங்கும் இடங்களில் துயரச் சொற்கள் செவியினின்று நழுவிவிடுகின்றன.

இப்பாட்டால் தமக்கும் பாடிய இருவர்க்கும் வருவாய் ஏதும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். தனிக்கலைஞர்க்கெனத் தாமே ஒரு கலையகம் தொடங்குவதாகவும் அறிவித்தார். நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்பது திறனாய்வின் வேலையன்று. தாமே வெளியிடுவதால் மட்டும் குறை தீருமா என்பதே ஆராயத்தக்கது.

1980-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ‘டீன் ஐடில்ஸ்’ என்னும் ராக் இசைக்குழு கலைந்தது. மேடைகளில் சேர்த்த ஏறத்தாழ 600 டாலரை அக்குழுவினர் பங்கிட்டுக்கொள்ளவில்லை. எட்டுப் பாடல்கள் கொண்ட இசைத்தட்டாக்கினர். இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் ‘டிஸ்கார்ட்’ நிறுவனத்தை நிறுவியது இவ்வாறுதான். தட்டின் உறைகளைக் கையாலேயே மடித்து ஒட்டினர். பின்வந்த குழுக்களோடும் எழுத்து ஒப்பந்தமின்றி, செலவு போக எஞ்சிய இலாபத்தைப் பகிர்ந்துகொண்டனர். சிக்கனமும் நேர்மையான கணக்குமே அதனை நிலைக்கச் செய்தன.

பணத்திற்குக் கணக்கு இருப்பதுபோல் பெயருக்கும் கணக்கு உண்டு. ‘என்ஜாய் எஞ்சாமி’யின் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்ற விவாதம் 2022-இல் அக்கலைஞர்களிடையே பொதுவெளியில் எழுந்தது. வெளியீட்டாளர் மாறினாலும் இக்கேள்வி மாறாது. கலைஞரே முதலாளியானால், எழுதியவரும் பறையறைந்தவரும் நாளை அவரிடமே இதைக் கேட்பர்.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பால்மரங்கள் நின்ற காலத்தை முதியோர் அறிவர். பால் வெட்டியவர்க்கு மரமும் சொந்தமன்று, தராசும் சொந்தமன்று. ஆயினும் நிறுத்து முடியும்வரை முள்ளின்மேல் வைத்த கண்ணை அவர் எடுக்கமாட்டார். தராசு கைம்மாறினால் மட்டும் போதாது. அதன் முள் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். கலைஞர் நடத்தும் இசை நிறுவனத்திற்கும் அதுவே இலக்கணம். வகுப்பில் ஒரு பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனை ஆக்கியோர் பெயரைக் கரும்பலகையில் முதலில் எழுதுவாராக. அக்கணக்கின் முதல் வரி அதுவே.