லின்னேயஸ் டிரைப்பின் ஆளற்ற கோயில்கள்

லின்னேயஸ் டிரைப் (1822-1902) தமிழகத்தின் கோயில்களையும் அரண்மனைகளையும் முறையாகவும் பெரிய அளவிலும் புகைப்படம் எடுத்த முன்னோடிகளில் ஒருவர். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். 1839-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் சேர்ந்தார். 1855-ல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் புகைப்படக்காரராக இருந்தார். அடுத்த ஆண்டு சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் புறப்பட்டு 1858-ன் நடுப்பகுதி வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் படம் எடுத்தார். கருப்பு வெள்ளைப் புகைப்படம் தமிழகத்தில் ஒரு கலையாகத் தொடங்குவது இந்தப் பயணத்தில்தான் என்று சொல்லலாம். அரசு அவரிடம் கேட்டது ஆவணத்தை மட்டுமே.

தாளும் வெயிலும்

கண்ணாடித் தகட்டில் ஈரமான கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறை 1851-லேயே வந்துவிட்டது. தமிழக வெயிலில் அந்தப் பூச்சு சீக்கிரம் உலர்ந்துவிடும். டிரைப் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், மாட்டுவண்டியில் கொண்டுபோனாலும் உடையாது. அவருடைய நெகட்டிவ்கள் ஏறத்தாழ 12 அங்குலம் அகலமும் 15 அங்குலம் நீளமும் கொண்டவை. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் அன்று இல்லாததால் நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. தாளின் நார் அச்சிலும் மெல்லிய மணல்போலப் படியும். கருங்கல் தூண்களுக்கு அது பொருந்திப்போனது.

அன்றைய ரசாயனம் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக எதிர்வினை செய்யும். ஆகவே மரங்கள் கருத்தன, வானம் வெறும் வெள்ளையாக வந்தது. டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களை வரைந்தார். அரசு ஆவணம் தயாரிக்க வந்த ராணுவ அதிகாரி, வானம் வெறுமையாக இருப்பதைப் பொறுக்கமாட்டாமல் மேகம் வரைந்து சேர்த்திருக்கிறார். அவரைக் கலைஞர் என்று கொள்வதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மதுரைப் புதுமண்டபத்தின் தென்பக்க நடையை எடுத்த படம் அவருடைய சிறந்த படங்களில் ஒன்று. பக்கவாட்டில் நுழையும் வெயில் தூண்களுக்கு இடையே தரையில் பட்டைபட்டையாக விழுகிறது. நடை உள்ளே போகப்போக இருள்கிறது. யாளிகளும் சிற்பங்களும் இங்கே முக்கியமல்ல, ஒளியும் நிழலும் மாறிமாறி வரும் தாளமே படத்தின் பொருள். திருமலை நாயக்கர் மஹால் படங்களுக்கு வேறு மதிப்பு உண்டு. பின்னர் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது அந்த அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. சிதிலமடைந்து நின்ற அதன் முந்தைய நிலையை இந்தப் படங்களில் காணலாம்.

இல்லாத மனிதர்கள்

ஒரு சில படங்களில் அசையாமல் நிற்பவர்கள் தென்படுகிறார்கள். பெரும்பாலான படங்களில் ஆளே இல்லை. மதுரையில் பகலில் ஆள் நடமாட்டம் இல்லாத கோயில் வாசல் என்று ஒன்று இருக்கமுடியாது. மெழுகுத்தாளுக்கு நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது, நடந்துபோனவர்கள் அதில் பதியவில்லை. இது தொழில்நுட்பத்தின் எல்லை, டிரைப்பின் குற்றம் அல்ல. ஆனால் விளைவு பெரியது. வழிபாடு நடக்கும் கோயில், மக்கள் கைவிட்டுப்போன இடிபாடுபோலத் தெரிகிறது. இந்தியா பழம்பெருமை மட்டுமே மிஞ்சிய நாடு என்ற காலனிய எண்ணத்திற்கு அந்தப் படங்கள் எளிதாகப் பொருந்தின.

நாஞ்சில்நாடு அவருடைய வழித்தடத்தில் இல்லை. சுசீந்திரம், பத்மநாபபுரம், திருவட்டாறு எல்லாம் அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை. ஆகவே சுசீந்திரத்தின் தூண்கள் டிரைப்பின் தாளில் விழவில்லை. அதைவிடக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அவர் நாயக்கர் தூண்களைப் படமெடுத்த அதே 1858-ல் தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைக் கலகம் மீண்டும் வெடித்தது. 1859-ல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். ஜூலை 26, 1859-ல் அரச அறிவிப்பு வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனையுடன்தான். அதே ஆண்டில் அதே டிரெவெலியன், இது நிதிநிலை தாங்காத ஆடம்பரம் என்று சொல்லி டிரைப்பின் பணியை நிறுத்தினார். அந்த ஆண்டுகளின் தென்கோடியை அறிய இந்தப் படங்களை நம்பினால் கல்தான் கிடைக்கும்.

இன்று கலைப் புகைப்படம் என்ற பேரில் கன்னியாகுமரியில் எடுக்கப்படும் கருப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றிலும் டிரைப்பின் வெறுமை இருக்கிறது. லென்ஸின் முன் கருப்பு வடிகட்டியைப் பொருத்தி, ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து, அலையைப் பனிப்புகையாக்கி, விவேகானந்தர் பாறையைத் தனியே நிற்கவைக்கிறார்கள். டிரைப்புக்கு அது தவிர்க்கமுடியாத நிலை, இவர்களுக்கு அது தேர்வு. முட்டத்தில் பாறை இருக்கிறது, வலை இழுப்பவர்களும் இருக்கிறார்கள். பாறையை மட்டும் தேர்ந்தெடுப்பவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவரிடம் கேட்கலாம். டிரைப்பிடம் கேட்கமுடியாது.

தஞ்சைக் கல்வெட்டு

டிரைப்பின் ஆளற்ற பார்வை முழுக்கவும் நியாயம் பெறும் இடம் தஞ்சைப் பெரிய கோயில். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டுதுண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இதில் மேகம் வரைய இடமில்லை. அழகான கோணமும் இல்லை. கேமரா சுவரை ஒட்டி நகர்ந்து எழுத்துக்களைப் பின்தொடர்கிறது. ஹூல்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-ல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்னரே ராஜராஜனின் எழுத்து தாளில் ஏறிவிட்டது. அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும், விளக்கெரிக்க ஆடு பெற்ற இடையர்களின் பெயர்களும் இருக்கின்றன.