பரிவும் மதிப்பீடும்

புறக்கணிக்கப்பட்ட ஒன்றைக் கண்டெடுக்கிறவர்கள் இரண்டு காரியங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். புறக்கணிப்பு நியாயந்தானா என்று விசாரிப்பது ஒன்று. புறக்கணிக்கப்பட்டதையே ஒரு தகுதியாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. முதலாவது விமர்சனம், இரண்டாவது வெறும் பரிவு. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் சேமிப்புக் கருவிகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் எழுதுவதைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அங்கும் இதே குழப்பம்தான். ஆகவே விஷயம் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை.

ஸின்க்ளேர் மைக்ரோடிரைவை எடுத்துக்கொள்கிறேன். 1982ல் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரோடு அறிவிக்கப்பட்டு 1983ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. விலை 49.95 பவுண்டு. ஃபிளாப்பி டிரைவுக்கு அப்போது இதைப்போலப் பலமடங்கு கொடுக்கவேண்டும். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதான கார்ட்ரிட்ஜ். அதனுள் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் சுமார் 5 மீட்டர் நாடா, இரு முனைகளும் ஒட்டப்பட்டு, வளையமாகச் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏழெட்டு விநாடி. கொள்ளளவு ஏறத்தாழ 85 கிலோபைட்.

நம்பமுடியாத மலிவுச் சரக்கு என்பது இதைப் பற்றிய வழக்கமான தீர்ப்பு. 1984ல் அலுவலகக் காரியங்களுக்கென்று வந்த க்யூ.எல். கம்ப்யூட்டரில் இரண்டு மைக்ரோடிரைவ்களை உள்ளேயே பொருத்தினார்கள். கெட்ட பெயர் அதற்கும் சேர்ந்தது. 1986ல் ஸின்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரம் ஆம்ஸ்ட்ராட் கைக்குப் போயிற்று. கதை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது.

இந்தத் தீர்ப்புக்குப் பதிலாக இப்போது வருவது பால்ய கால ஏக்கம். ஏக்கத்தை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. கருவியின் உருவத்தைப் பார்க்கவேண்டும். ஃபிளாப்பியில் தலை வேண்டிய இடத்துக்குத் தாவும். எது எங்கே என்று சொல்லும் பட்டியல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும். ஸ்பெக்ட்ரமின் மைக்ரோடிரைவில் இரண்டுமில்லை. தலை நின்ற இடத்தில் நிற்கிறது. நாடாதான் அதனிடம் வரவேண்டும். தனிப் பட்டியல் கிடையாது. 512 பைட் கொண்ட ஒவ்வொரு துண்டும், தான் எந்த ஃபைலைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது என்பதைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. என்னென்ன இருக்கிறதென்று தெரிய முழு வளையமும் கண்முன் போயாகவேண்டும். பட்டியல் கெட்டால் எல்லாமே தொலைந்தது என்கிற அபாயம் இங்கில்லை. சிக்கனத்திலிருந்தே பிறந்த உருவம் இது. அந்த அளவில் இதை ஒரு சாதனை என்பேன்.

ஆனால் குறையும் அதே உருவத்தில்தான் இருக்கிறது. நாடா தன்மீதே உரசி ஓடுகிறது, நீள்கிறது. புதுக் கார்ட்ரிட்ஜைப் பலமுறை ஃபார்மட் செய்யும்படி அந்நாளில் யோசனை சொல்வார்கள். நாடா சற்று இழுபட்டுக் கொள்ளளவு கொஞ்சம் கூடும். லாபமாகத் தெரிவது உண்மையில் தேய்மானம். நாடாவைத் தலையோடு அழுத்தும் ஃபெல்ட் துண்டும் காலப்போக்கில் உதிர்ந்துவிடுகிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் புகழ்வது அந்தக் கருவிக்கே செய்கிற அவமரியாதை.

இன்று மெமரி கார்டை வைத்துக்கொண்டு மைக்ரோடிரைவாகப் பாவனை செய்யும் சாதனங்கள் வந்துவிட்டன. சுழலும் நாடா இல்லாமல் இதென்ன மைக்ரோடிரைவ் என்று சிலருக்குக் கோபம். எனக்கு அந்தக் கோபம் இல்லை. நாடா செத்துக்கொண்டிருக்கிறது, பிரதி எடுக்கவேண்டியது அவசரம். என் கவலை வேறு.

பழைய கார்ட்ரிட்ஜ்கள் பத்துப்பன்னிரண்டை விலைக்கு வாங்கிய நண்பர் ஒருவர், அன்றிரவே எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து பார்த்ததாகவும் ஒன்பது தேறிவிட்டதாகவும் மகிழ்ச்சியோடு சொன்னார். முன்னால் அவற்றில் என்ன இருந்தது என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். ஒன்றின் லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் 'கடிதங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடையில் விற்ற விளையாட்டுகளுக்குப் பிரதிகள் பல உண்டு, எங்காவது பிழைத்துக்கொள்ளும். யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்த கடிதங்கள் அந்த ஒரு வளையத்தில் மட்டுமே இருந்திருக்கலாம்.

நண்பர் கருவியை நேசிக்கிறவர்தான். அதில் எழுதியிருந்ததைப் படிக்கவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மறந்துபோன எழுத்தாளர்களை மறுபதிப்புப் போட்டு, மாலை போட்டு, பக்கம் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிற நாம் அவரைப் பார்த்துச் சிரிக்க அவசரப்பட வேண்டாம்.